கீசர் மேல 2000 வாட், உள்ள போறது 1478

நேத்து காலைல ஆறு மணிக்கு கீசரைப் போட்டுட்டு மொபைல்ல ஸ்டாப்வாட்ச் தட்டிவிட்டு பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். சிவப்பு லைட் அணையறப்போ 41 நிமிஷம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதே குளிர்ல இதே கீசர் 48 நிமிஷம் எடுத்துது. "இந்த ஏழு நிமிஷத்துக்கா ரெண்டு வாரமா செவுத்தை நோண்டிட்டு இருந்தே"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஏழு நிமிஷம் எங்க போச்சுன்னு தேடிப் போனப்போதான் லாஃப்ட் மேல கருகிப்போன ஒரு ஜாயின்ட் கெடச்சுது, அதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

வீடு கரோல் பாக்ல, மூணாவது மாடி, பழைய கட்டடம், வாடகை. 25 லிட்டர் கீசர், ஸ்டிக்கர்ல 230 வோல்ட், 2000 வாட்னு போட்டிருக்கு. டெல்லி ஜனவரில மொட்டை மாடி டேங்க் தண்ணி எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், கிச்சன் தெர்மாமீட்டர் விட்டுப் பாத்தா 12 டிகிரி. அம்மா பொங்கல் முடிஞ்சு ஊர்ல இருந்து வந்தாங்க, முதல் நாளே "ஒரு மணி நேரம் ஆகுதுடா, இதுக்கு வெறகடுப்பே தேவலை"ன்னுட்டாங்க. அங்க ஆரம்பிச்சுது.

முதல் தப்பு முதல் நாளே பண்ணியாச்சு. கீசர் ப்ளக்கைப் புடுங்கிட்டு சாக்கெட்ல மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன், 221 வோல்ட். சரி, கரண்ட் நல்லாத்தான் வருது, கோளாறு கீசர்லதான்னு முடிவு கட்டிட்டேன். இந்த 221ஐ நம்பினதுனாலதான் மிச்ச எல்லாக் கூத்தும்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு "எலிமென்ட் கராப் ஹை பாய்சாப், ஆதா ஜல் கயா"ன்னாரு. பாதி எரிஞ்சு போச்சாம். நானும் தலையாட்டினேன். இப்ப யோசிச்சா சிரிப்பு வருது, எலிமென்ட் உள்ள இருக்கறது ஒரே நீளமான நிக்ரோம் கம்பி, அது அறுந்தா மொத்தமா அவுட், தண்ணி சூடே ஆகாது. பாதி சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா ரெசிஸ்டன்ஸ் கொறஞ்சு கரண்ட் ஏறி இன்னும் வேகமாத்தான் சூடாகணும், மெதுவா ஆகறதுக்கு வழியே இல்ல.

ஆனா அன்னைக்கு அது தோணல. சனிக்கிழமை மெட்ரோ புடிச்சு ராஜீவ் சௌக்ல மாறி சாந்தினி சௌக்ல எறங்கி பகீரத் பேலஸ் போனேன். டெல்லில எலக்ட்ரிக்கல் சாமான் எது வேணும்னாலும் அங்கதான், போன வேலை பத்து நிமிஷம், லைட் கடைங்களை வேடிக்கை பாத்தது ரெண்டு மணி நேரம். எலிமென்ட் 420 ரூபா, ரப்பர் கேஸ்கட் 30, அப்படியே ஒயரைச் சுத்தி மாட்டி ஆம்பியர் அளக்கற ஒரு கிளாம்ப் மீட்டர் 1150. கடைசில உருப்படியா வேலை செஞ்சது அந்த மீட்டர் மட்டும்தான்.

ஞாயித்துக்கிழமை முழுக்க எலிமென்ட் மாத்தற வேலை. தண்ணி வால்வை மூடி, 25 லிட்டரையும் ரெண்டு பக்கெட்ல எறக்கி, அடிமூடியைத் தொறந்து, நட்டு கழட்டி இழுத்தா பழைய எலிமென்ட் மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா அரை இஞ்ச் உப்பு. ஆஹா இதுதான் வில்லன்னு நெனச்சேன். அதுவும் தப்பு. உப்பு படிஞ்சா எலிமென்ட் உள்ள ரொம்ப சூடாகி சீக்கிரம் செத்துப்போகும், அது உண்மை, ஆனா உள்ள போற வாட் அத்தனையும் கடைசில தண்ணிக்குத்தான் வந்தாகணும், தொட்டிக்குள்ள வேற எங்க போகும்.

பழையதையும் புதுசையும் டேபிள் மேல வெச்சு ஓம் அளந்தேன், கடைக்குப் போறதுக்கு முன்னாடி செஞ்சிருக்க வேண்டிய வேலை. முதல்ல மீட்டரை 2000 ஓம் ரேஞ்ச்ல வெச்சுட்டு 26, 27ன்னு மாறி மாறிக் காட்டுதேன்னு குழம்பினேன், அப்புறம் 200 ரேஞ்சுக்குக் கொண்டுவந்து, ரெண்டு முனையையும் ஒண்ணா ஒட்டி வெச்சா வெறும் ஒயருக்கே 0.5 காட்டுது, அதைக் கழிச்சுட்டேன். பழசு 26.1, புதுசு 26.3.

இருக்க வேண்டியது எவ்வளவு? 2000 வாட்டை 230ஆல வகுத்தா 8.7 ஆம்பியர், 230ஐ 8.7ஆல வகுத்தா 26.4 ஓம். அதாவது உப்போட இருந்த பழைய எலிமென்ட்ல ஒரு கோளாறும் இல்ல. 450 ரூபா, ஒரு ஞாயித்துக்கிழமை, அப்புறம் கேஸ்கட்டை நேரா உக்கார வெக்காம ராத்திரி சொட்டு சொட்டா ஒழுகி, மறுபடி தண்ணி எறக்கி மறுபடி மாட்டினது. மாட்டி ஓட விட்டா அதே 48 நிமிஷம்.

சரி, உண்மைல எவ்வளவு வாட் போகுதுன்னு அளந்துடலாம்னு எறங்கினேன். கிளாம்ப் மீட்டரை கீசரோட கறுப்பு கார்டைச் சுத்தி மாட்டினேன், 0.00. மீட்டர் டூப்ளிகேட் போலன்னு கடைக்காரனைத் திட்டிட்டு, அப்புறம் காகிதத்துல எழுதியிருந்ததைப் படிச்சா, கிளாம்புக்குள்ள ஒரே ஒரு ஒயர்தான் போகணுமாம், போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சேர்ந்து போனா ஒண்ணை ஒண்ணு அடிச்சு சைபர்தான் காட்டும். ப்ளக்கைப் புடுங்கி கீசர் அடிமூடியைத் தொறந்தா உள்ள பிரவுன் ஒயர் தனியா வருது, அதுல கிளாம்பை மாட்டி, ரெண்டு முனையிலயும் க்ரோக்கடைல் கிளிப் வெச்சு மல்டிமீட்டரையும் கட்டி, எல்லாத்துல இருந்தும் கையை எடுத்துட்டு, அப்புறம்தான் ப்ளக்கைச் சொருகி ஸ்விட்ச் போட்டேன். ஓடிட்டு இருக்கறப்போ முனையைக் கையில புடிச்சுக்கிட்டு ஈர பாத்ரூம்ல குனியறதெல்லாம் வேணாம்.

197 வோல்ட். 7.5 ஆம்பியர்.

ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தேன், அதேதான். 197ஐ 7.5ஆல வகுத்தா 26.3 ஓம், டேபிள்ல அளந்த எலிமென்ட்டேதான், அப்ப அளவு சரி. 197ஐ 7.5ஆல பெருக்கினா 1478 வாட். ஸ்டிக்கர்ல இருக்கற 2000 வெறும் 230 வோல்ட்டுக்கான கணக்கு. எலிமென்ட் ஓம் மாறாது, வோல்ட் கொறஞ்சா ஆம்பியரும் சேர்ந்து கொறையும், ரெண்டும் ஒண்ணாக் கொறைஞ்சா பெருக்கல்ல அடி ரெட்டிப்பு. வோல்ட் 14 சதவீதம் கொறைஞ்சதுக்கு வாட் 26 சதவீதம் காணோம்.

தண்ணி கணக்கும் போட்டுப் பாத்தேன். லிட்டரை ஏற வேண்டிய டிகிரியால பெருக்கி 860ஆல வகுத்தா எத்தனை யூனிட்னு வந்துடும். 25 லிட்டர், 12ல இருந்து 50 டிகிரிக்கு 38, வகுத்தா 1.1 யூனிட். 1.478 கிலோவாட்ல அதுக்கு 45 நிமிஷம். தொட்டி வெளிய விடற சூட்டுக்கு மூணு நிமிஷம் போட்டா 48. அப்பாடா, கீசர் யோக்கியன்.

ஆனா ப்ளக்கைப் புடுங்கினா 221, ஓடறப்போ 197. நடுவுல 24 வோல்ட் எங்க?

என் முதல் யோசனை, ஸ்டெபிலைசர். ஆன்லைன்ல கார்ட்ல போட்டு வெச்சிருந்தேன். அன்னைக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர்ல ஒரு மாமாவைப் பாத்தேன், எலக்ட்ரிக்கல் சைடுல முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர், பிரசாதத்தைக் கையில வெச்சுக்கிட்டே கதை முழுக்கக் கேட்டுட்டு "ஸ்டெபிலைசர் வாங்கினே, உதைப்பேன்"னாரு. "வழில எங்கயோ வோல்ட்டை எவனோ தின்னுட்டு இருக்கான், நீ அந்தப் பக்கம் இன்னும் ஆம்பியரை இழுத்து அவனுக்கு ஜாஸ்தியா ஊட்டப் போறியா? மொதல்ல மீட்டர் லைட்டை எண்ணிட்டு வா."

மீட்டர் லைட்டை எண்ணறதா? கீழ மீட்டர்ல ஒரு சிவப்பு எல்.இ.டி மினுக்கிக்கிட்டே இருக்கும், பக்கத்துல எத்தனை மினுக்குக்கு ஒரு யூனிட்னு அச்சடிச்சிருக்கும், எங்களுது 3200. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை உள்பட எல்லாத்தையும் அணைச்சுட்டு கீசரை மட்டும் போட்டு, கீழ எறங்கிப் போய் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, மேல வந்து மெதுவா ஓட விட்டு எண்ணினேன். 88. அறுபதால பெருக்கி 3200ஆல வகுத்தா 1.65 கிலோவாட்.

மீட்டர் எனக்குக் குடுத்தது 1650 வாட், கீசர்கிட்ட வந்து சேர்ந்தது 1478. நடுவுல சுமார் 170 வாட் காணோம், எங்க வீட்டு மிக்ஸியை ஸ்லோல விட்ட மாதிரி ஏதோ ஒண்ணு செவுத்துக்குள்ள சத்தமில்லாம ஓடிட்டு இருக்கு. காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவைன்னு வெச்சா மாசத்துக்கு கிட்டத்தட்ட 8 யூனிட். டெல்லில 200 யூனிட் வரைக்கும் பில் சைபர்ங்கறது தெரியும்தானே, எங்க டிசம்பர் கணக்கு 204. அந்த 204ஐப் பாத்துட்டு நான் அடிச்சுக்கிட்டதைப் பாத்துதான் அம்மா இந்த வேலைக்கு பர்மிஷனே குடுத்தாங்க.

அடுத்த ஞாயிறு மாமா வந்தாரு, வந்ததும் காபி, அப்புறம்தான் வேலை. ரெண்டு மீட்டரையும் ஒரே சாக்கெட்ல வெச்சு ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு வித்தியாசம்னு பாத்துக்கிட்டாரு, ஒரு வோல்ட்தான். கரண்ட் ஆபீஸ்ல இருந்து வர்ற வோல்ட்டே நிமிஷத்துக்கு நிமிஷம் ஆடும், அதனால ரெண்டு எடத்துலயும் ஒரே நேரத்துல பாக்கணும்னாரு. மாமா கீழ மெயின் ஸ்விட்ச்கிட்ட, நான் மேல, நடுவுல ஃபோன். கீசர் ஓடறப்போ கீழ 219, வீட்டுக்குள்ள எம்.சி.பி (ஆம்பியர் ஜாஸ்தியானா தானா விழற ஸ்விட்ச்) கிட்ட 215, கீசர்ல 197. கீழ இருந்து மூணு மாடி ஏறி வர்றதுக்கு 4 வோல்ட் போறது, எம்.சி.பில இருந்து பாத்ரூமுக்கு 14 மீட்டர் போறதுக்கு 18 வோல்ட் போகுது!

18ஐ 7.5ஆல வகுத்தா 2.4 ஓம். ஒயர் மட்டும்னா எவ்வளவு இருக்கணும்? பழைய லைன் 1.5 ஸ்கொயர் (ஒயரோட குறுக்குவெட்டு, சதுர மி.மீ. கணக்குல) அலுமினியம், பாதி வழில யாரோ 1 ஸ்கொயர் காப்பர் சேத்திருக்காங்க. ரெண்டுமே மீட்டருக்கு சுமார் 0.018 ஓம்தான். போக வர 28 மீட்டர், அரை ஓம் சொச்சம், அதுல 4 வோல்ட் போகலாம். 1 ஸ்கொயர் ஒயர்ல கீசர் ஓட்டினதே அநியாயம், அது வேற கதை. மிச்சம் 14 வோல்ட் ஏதாவது ஒரு எடத்துல குமிஞ்சு நிக்கணும்.

ப்ளக்கைத் தொட்டுப் பாருன்னாரு. இத்தனை நாளா தொடவே இல்ல. கை வெக்க முடியல, ஒரு பின்னைச் சுத்தி பழுப்பாயிருந்துது. 16 ஆம்பியர் ஸ்விட்ச், சாக்கெட், ப்ளக் மூணையும் புதுசா மாத்தினோம். கீசர்ல 202 வோல்ட், 7.7 ஆம்பியர். அஞ்சு வோல்ட் திரும்ப வந்துது. இன்னும் ஒம்பது பாக்கி.

கீசரை அரை மணி நேரம் ஓட விட்டுட்டு மெயினை அணைச்சுட்டு மாமா ஸ்டூல் மேல ஏறி ஒயர் போற வழியெல்லாம் பொறங்கையை வெச்சுக்கிட்டே போனாரு, வைத்தியர் நாடி பாக்கற மாதிரி. லாஃப்ட் மேல, பழைய சூட்கேஸ் ரெண்டும் கொலு பொம்மை அட்டைப்பெட்டியும் வெச்சிருந்த எடத்துக்குப் பின்னாடி ஒரு ஜங்ஷன் பாக்ஸ். மூடி வெதுவெதுப்பா இருந்துது, சுத்தி சுண்ணாம்பு மஞ்சளா மாறியிருந்துது. தொறந்தா அலுமினியமும் காப்பரும் வெறுமனே முறுக்கி விட்டு மேல டேப். டேப் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு, அலுமினியத்துல வெள்ளைப் பூ. அட்டைப்பெட்டி அங்க இருந்து ஒரு சாண் தூரம்.

அளந்துட்டே பிரிக்கலாம்னாரு மாமா. மெயின் ஆஃப்ல இருக்கறப்போவே ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளிப், அந்தப் பக்கம் ஒரு கிளிப், எறங்கி வந்து ஆன். ஃபேஸ் (கரண்ட் வர்ற ஒயர்) ஜாயின்ட்ல 5.5 வோல்ட், நியூட்ரல்ல (திரும்பிப் போற ஒயர்) 3.5. சேர்த்தா சரியா அந்த ஒம்பது. 5.5ஐ 7.7ஆல வகுத்தா 0.71 ஓம், சும்மா ஒரு முறுக்கல்ல. 7.7ஆல பெருக்கினா 42 வாட். நான் வெச்சிருக்கற சால்டரிங் அயர்ன் 25 வாட், அது ஈயத்தை உருக்கிடும். அதைவிட ஜாஸ்தி வாட்ல ஒண்ணு தினமும் ஒண்ணரை மணி நேரம் எங்க கொலு பொம்மைக்குப் பக்கத்துல எரிஞ்சுட்டு இருந்திருக்கு. பக்கத்துலயே நியூட்ரல்ல இன்னொரு 27.

"எம்.சி.பி ஏன் மாமா விழல?"ன்னு கேட்டேன். "அது எதுக்கு விழும்? அதுக்குத் தெரிஞ்சது ஆம்பியர் மட்டும். இந்த ஜாயின்ட் ஆம்பியரைக் கொறைக்கத்தானே செய்யுது" அப்படின்னாரு. போதாததுக்கு அங்க போட்டிருந்தது 32 ஆம்பியர் எம்.சி.பி, 1 ஸ்கொயர் ஒயருக்கு. மாமா அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு.

இப்ப 221க்கு வர்றேன். கரண்ட் ஓடலன்னா ஜாயின்ட்ல விழற வோல்ட் சைபர். 0.71 ஓமை சைபரால பெருக்கினா சைபர்தானே. மல்டிமீட்டர் இழுக்கற கரண்ட் கொசு அளவுக்குக் கூட இல்ல, அதனால எவ்வளவு அழுகின ஜாயின்ட்டா இருந்தாலும் ப்ளக்கைப் புடுங்கிட்டு அளந்தா அழகா 221 காட்டிட்டு நிக்கும்.

வீட்டு ஓனர்கிட்ட ஃபோட்டோவும் கணக்கும் காட்டினேன். கணக்கை அவர் பாக்கவே இல்ல, உருகின டேப் ஃபோட்டோவைப் பாத்ததும் வாடகைல 2000 கழிச்சுக்கோன்னாரு. பழைய லைனை அப்படியே விட்டுட்டு எம்.சி.பில இருந்து கீசர் வரைக்கும் நடுவுல ஜாயின்ட்டே இல்லாம புதுசா 4 ஸ்கொயர் காப்பர், செவுத்து மேல ஒயர் போற கேசிங் பட்டி அடிச்சு. ஒயர் 30 மீட்டர் 2400, எர்த்துக்கு 2.5 ஸ்கொயர் 15 மீட்டர் 750, ஸ்விட்சும் சாக்கெட்டும் 380, ப்ளக் 140, 20 ஆம்பியர் எம்.சி.பி 260, பட்டி 300, கூலி 800. மொத்தம் 5030. கூலி வாங்கினது அதே "ஆதா ஜல் கயா" எலக்ட்ரீஷியன்தான், மாமா மேற்பார்வைல ஸ்க்ரூவையெல்லாம் ரெண்டு தடவை முறுக்க வேண்டியதாப் போச்சு அவருக்கு.

ஓட விட்டா கீழ 218, எம்.சி.பில 214, கீசர்ல 212. 8.1 ஆம்பியர், 1717 வாட். கீழ போய் எண்ணினா நிமிஷத்துக்கு 94 மினுக்கு, அதாவது 1.76 கிலோவாட். வித்தியாசம் 50 வாட்டுக்குள்ள, அதுலயும் பாதிக்கு மேல மாடி ஏறி வர்ற மெயின் ஒயர்ல. அதை நான் தொட முடியாது, ஓனர் அடுத்த தீபாவளிக்கு முன்னாடி மாத்தறேன்னு சொல்லியிருக்காரு, எந்த தீபாவளின்னு கேக்கல. 2000 வாட் வரவே வராது, வாசல்லயே 230 வரலயே.

மறுபடி முதல்ல இருந்து செய்யறதா இருந்தா பகீரத் பேலஸ்ல இருந்து கிளாம்ப் மீட்டர் மட்டும் வாங்கிட்டு வந்திருப்பேன். முதல் நாளே ப்ளக்கைத் தொட்டுப் பாத்து, மீட்டர் லைட்டை எண்ணி, ஓடறப்போ வோல்ட் பாத்திருந்தா அரை நாள் வேலை. எலிமென்ட்டை உப்பு எடுக்கறதுக்காக மட்டும் கழட்டியிருக்கலாம், வினிகர்ல ராத்திரி ஊற வெச்சா போதும், பழசு இப்ப அப்படித்தான் சுத்தமாகி டப்பாக்குள்ள ஸ்பேரா இருக்கு. அப்புறம் கேஸ்கட்டை மாட்டறப்போ நட்டுகளை ஒண்ணு விட்டு ஒண்ணு எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும், ஒரே பக்கமா முறுக்கினதுதான் ஒழுகினதுக்குக் காரணம்.

நேத்து சாயங்காலம் சும்மா இருக்க முடியாம கிச்சன் பாயின்ட்ல இன்டக்ஷன் அடுப்பைப் போட்டுட்டு பக்கத்து சாக்கெட்ல மீட்டரை வெச்சேன். அணைச்சா 220, போட்டா 209. அடுத்த ஞாயிறு மாமாவுக்கு என்ன டிபன்னு அம்மாகிட்ட இன்னும் கேக்கல.